எண்ணத்திற்குக் கைகொடுக்கும் கருவி



பக்கவாதம் தாக்கி ஓராண்டு கடந்துவிட்டால், "இனி அத்தாவின் கை வராது" என்று தீர்மானித்துவிடும் குடும்பங்கள் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், தாம்பரம் பகுதிகளிலும் உண்டு. உண்ணவும் ஒளூச் செய்யவும் பயன்பட்ட வலக்கரம் மடியில் துவண்டு கிடக்கின்றது. அன்பின் மிகுதியால் நாமே உணவை ஊட்டுகின்றோம், சட்டையை அணிவிக்கின்றோம், பயிற்சியை மட்டும் நிறுத்திவிடுகின்றோம். இத்தீர்மானம் சரிதானா?

பக்கவாதத்தில் பழுதடைவது கையன்று. கையை இயக்கும் மூளைப் பகுதியே. இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இப்பழுது நேர்கின்றது. ஆயினும், 'விரலை விரிக்க வேண்டும்' என்னும் எண்ணம் பலரிடம் எஞ்சியே நிற்கின்றது. அவ்வெண்ணம் எழுந்தவுடன் மூளையின் மெல்லிய மின்னலைகள் மாறுகின்றன. இவ்வலைகளை மனிதரிடம் முதன்முதலாக 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கப்படும் இ.இ.ஜி. அதன் வழி வந்ததே.

இந்த அலைகளைக் கொண்டே கையை இயக்கும் கருவியொன்றைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தத்தாவின் குழுவினர் உருவாக்கியுள்ளனர். நோயாளியின் தலையில் மின்முனைகள் பொருத்தப்படுகின்றன. கையில் இயந்திர உறை அணிவிக்கப்படுகின்றது. அவர் கையை அசைக்க எண்ணியதும் கணினி அதனைக் கண்டறிகின்றது. இயந்திரம் விரல்களை விரித்து மூடுகின்றது. விரல் அசைந்த உணர்வு மீண்டும் மூளையைச் சென்றடைகின்றது. எண்ணமும் அசைவும் இவ்வாறு பன்முறை இணையும்போது, மூளை புதிய பாதைகளை அமைத்துக் கொள்ள முயல்கின்றது.

இந்தியாவில் நால்வர், பிரிட்டனில் நால்வர் என எட்டுப் பேரிடம் இது சோதிக்கப்பட்டது. பக்கவாதம் கண்டு ஓரிரு ஆண்டுகளாகி முன்னேற்றம் நின்றுபோன இவர்கள் முழுமையாக நலம் பெற்றனர் என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையே; பெரிய சோதனைகளே இதனை உறுதிப்படுத்த இயலும். இதே நோக்கமுடைய வேறொரு கருவிக்கு அமெரிக்க அரசு 2021-இல் அனுமதி வழங்கியது. பக்கவாதம் கண்டு ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு உரியது அது.

இக்கருவி நம் வீட்டிற்கு வரவில்லையே என்று வருந்த வேண்டா. அது உணர்த்தும் பாடம் இன்றே நமக்குப் பயன்படும். நோயாளி முதலில் தாமே முயல வேண்டும். அதன் பின்னரே நாம் உதவ வேண்டும். தேநீர்க் குவளையை அவர் எதிரே வைத்து, "நீங்களே எடுக்கப் பாருங்கள் அத்தா" என்று கூறிச் சற்றுக் காத்திருங்கள். இயலாத அளவிற்கு மட்டும் கையைத் தாங்குங்கள். துவண்ட கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவக்கூடும். எப்பயிற்சியையும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையும் அணுகலாம்.

எல்லோருக்கும் கை முழுமையாகத் திரும்பிவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், ஓராண்டு கடந்துவிட்டது என்பது மட்டுமே முயற்சியைக் கைவிடக் காரணமாகாது. மடியில் கிடக்கும் கையைக் கண்டு எண்ணமும் மாய்ந்துவிட்டதென முடிவு கட்டாதீர்கள்.