பானசோனிக் திரும்பியது, டிவி யாருடையது?

நம்மூரில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 'நேஷனல் பானசோனிக்' என்றால் டேப் ரெக்கார்டர்தான். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது ஊருக்கு வந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே தெரு கூடிவிடும். அதே கம்பெனி அமெரிக்கர்களின் நினைவில் வேறொரு பொருளாகப் பதிந்திருக்கிறது: பிளாஸ்மா டிவி. 2024 செப்டம்பரில், ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, பானசோனிக் அமெரிக்க டிவி சந்தைக்குத் திரும்பியபோது அங்குள்ள சினிமா ரசிகர்கள் துள்ளிக் குதித்ததற்கு அந்த நினைவுதான் காரணம். வந்தவை மலிவு விலைச் சரக்கல்ல. இசட்95ஏ, இசட்85ஏ என்ற இரண்டு ஓஎல்இடி வரிசைகள், டபிள்யூ95ஏ என்ற ஒரு மினி எல்இடி வரிசை. வந்த வேகத்திலேயே உயர்விலைத் தட்டில் உட்கார்ந்துகொண்டன.

தொலைக்காட்சித் தொழிலில் ஒரு பெயர் திரும்புவது புதிதல்ல. ஆனால் திரும்பி வந்தது உண்மையில் என்ன என்று கேட்டுப் பார்த்தால், இந்தத் தொழிலின் லாபம் எந்தப் பக்கம் ஒழுகிப் போய்விட்டது என்பது தெரியும். அதற்கு முதலில் 2013-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பானசோனிக் இசட்டி60 என்ற பிளாஸ்மா டிவியை விற்றது. அதுவரை வீட்டு டிவியில் பார்த்ததிலேயே சிறந்த படம் இதுதான் என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, பிளாஸ்மா தொழிலையே மூடுவதாக பானசோனிக் அறிவித்தது. டிசம்பரோடு உற்பத்தி நின்றது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு மார்க் ஷீட்டோடு டி.சி.யையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

படம் நல்ல படம் என்று சொல்கிறோமே, அதன் பெரும்பகுதி கறுப்பில்தான் இருக்கிறது. எல்சிடி டிவியில் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இருட்டு வேண்டுமென்றால் முன்னால் கதவைச் சாத்துவார்கள். கதவிடுக்கில் வெளிச்சம் கசியத்தான் செய்யும். பிளாஸ்மா வேறு விதம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான சிற்றறைகள், அவற்றுக்குள் நியானும் செனானும். ஒவ்வோர் அறையும் தானே எரியும், தானே அணையும். ஆனால் முழுவதும் அணையாது. அடுத்த முறை சட்டெனப் பற்றிக்கொள்ள வேண்டுமே என்று உள்ளே ஒரு கங்கைப் போட்டு வைத்திருப்பார்கள், அடுப்புச் சாம்பலுக்குள் மூடி வைப்பதுபோல. இருட்டறையில் பார்த்தால் அந்தக் கங்கு லேசாகத் தெரியும். அதை எவ்வளவு மறைக்க முடியும் என்பதுதான் பிளாஸ்மா பொறியாளர்களின் போட்டியே. இதில் முதலில் ஜெயித்தது பயனியர். அதன் டிவிக்கு வைத்த பெயரே 'குரோ'. ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று பொருள். அந்தக் கம்பெனி 2009 பிப்ரவரியில் டிவி தொழிலிலிருந்து விலகுவதாகச் சொன்னது. அதன் பொறியாளர்கள் சிலர் பானசோனிக்கில் சேர்ந்தார்கள். நான்கே ஆண்டுகளில் பானசோனிக்கும் அதே பாதையில்.

ஏன் தோற்றது? விவரம் தெரிந்த அம்மாக்கள் பட்டுப்புடவையைக் கடை விளக்கில் பார்த்து வாங்குவதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். பிளாஸ்மாவுக்கு இதற்கு நேர்மாறான சோதனை தேவைப்பட்டது: விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எந்த ஷோரூம்காரர் அணைப்பார்? நாற்பது டிவி வரிசையாக ஓடும் கடையில், தலைக்குமேல் டியூப்லைட் வெள்ளமாக இருக்கும்போது, பளிச்சென்று கண்ணைப் பறித்தது எல்சிடிதான். பிளாஸ்மா அங்கே மங்கலாகத் தெரிந்தது, கண்ணாடியில் வாடிக்கையாளர் முகத்தையே திருப்பிக் காட்டியது. எடை அதிகம், சூடு அதிகம், கரண்ட் அதிகம் என்ற குறைகளும் உண்மைதான். ஆனால் வாங்கும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றல்ல என்பதுதான் அதைச் சாய்த்தது என்பேன்.

கூடவே வேறு இரண்டு அடி. தென்கொரிய நிறுவனங்களின் எல்சிடி விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. யென் மதிப்போ ஏறிக்கொண்டே போய், 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு 75 யென் என்ற அளவைத் தொட்டது. ஹியோகோ மாநிலத்தின் அமகசாகியில் பெரும் பணத்தைக் கொட்டிக் கட்டிய பிளாஸ்மா ஆலைகளில் செய்த சரக்கு, அந்த யென்னில் எங்கே போய் விலை போகும்? 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பானசோனிக்கின் நிகர நஷ்டம் 77,200 கோடி யென்; அடுத்த ஆண்டும் 75,400 கோடி யென். 2012 ஜூனில் தலைமைப் பொறுப்புக்கு வந்த கஸுஹிரோ சுகா, டிவியை விட்டு, காரின் பேட்டரி போன்ற தொழில்களின் பக்கம் கம்பெனியைத் திருப்பினார். ஆலைகளை மூடியது சரியான முடிவு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. ஆலையை விடுவது வேறு, கடையை விடுவது வேறு. சோனியைப் பாருங்கள். சாம்சங்குடன் சேர்ந்து நடத்திய எல்சிடி பேனல் ஆலையில் தன் பங்கை 2011 கடைசியில் விற்க முடிவு செய்தது. டிவி தொழிலில் பத்தாண்டு தொடர்ந்து நஷ்டப்பட்டது. 2014-இல் அந்தப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கியது. ஆனால் அமெரிக்கக் கடைகளின் அலமாரியை மட்டும் விடவில்லை. 2017-இல் எல்.ஜி. டிஸ்ப்ளேயிடம் ஓஎல்இடி பேனலை வாங்கி, தன் பட நுட்பத்தை ஏற்றி, மேல்தட்டில் மீண்டும் அமர்ந்தது. இன்னொருவர் செய்த பேனலில் சோனி என்று எழுதியிருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

பானசோனிக்கிடமும் அதே கைத்திறன் இருந்தது. பிளாஸ்மாவைப் போலவே ஓஎல்இடியிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கூடுதலாக, இதில் கங்கே வேண்டாம், முழுவதும் அணையும். சிக்கல் அணைந்த நிலைக்கு அடுத்த படியில். மினுக்கென்று எரியத் தொடங்கும் அந்த அளவில் புள்ளிகள் ஒரே மாதிரி நடப்பதில்லை. இரவுக் காட்சிகளில் திட்டுத் திட்டாகத் தெரியும். பல ஆண்டு கங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய களம். 2015-இல் பானசோனிக்கின் முதல் ஓஎல்இடி டிவி வெளிவந்தது, அதன் நிறங்களைச் சரிபார்க்க மைக் சோவா என்ற ஹாலிவுட் கலரிஸ்டை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது வந்தது ஐரோப்பாவுக்கு. அமெரிக்காவில் பானசோனிக் பெயர் கடைகளிலிருந்து ஓசையில்லாமல் மறைந்துகொண்டிருந்தது. ஹாலிவுட்காரர் கண் பார்த்துத் தேற்றிய டிவியை ஹாலிவுட் இருக்கும் நாட்டில் வாங்க முடியாது என்ற வேடிக்கை பல ஆண்டு நீடித்தது.

பேனல் அடுத்தவருடையது என்பதைப் பெரிய இழிவாகச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. சென்னையில் பாதி ஓட்டல்களுக்குக் கோயம்பேட்டிலிருந்துதான் கத்தரிக்காய் போகிறது. சாம்பார் ஓட்டலுக்கு ஓட்டல் வேறு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காய் மொத்த வியாபாரியின் அண்ணனே பக்கத்துக் கடையில் மெஸ் திறந்து உட்கார்ந்திருக்கும்போது. டிவிக்கான பெரிய ஓஎல்இடி பேனலைச் சொல்லும்படியான அளவில் தருபவை உலகில் இரண்டே நிறுவனங்கள்: எல்.ஜி. டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே. இரண்டுக்கும் சொந்தக் குடும்பத்திலேயே டிவி விற்பவர்கள் இருக்கிறார்கள். சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காய் விலையை நிர்ணயிப்பவர் போட்டிக்காரரின் வீட்டு ஆள். இதற்கு மாற்றாக ஜப்பான் முயலாமல் இல்லை. சோனி, பானசோனிக் இரண்டின் ஓஎல்இடி ஆராய்ச்சியையும் இணைத்து 2015-இல் ஜேஓஎல்இடி என்ற நிறுவனம் உருவானது. மை அச்சடிப்பதுபோல பேனலை அச்சிடுவது அதன் கனவு. 2023 மார்ச்சில் அது திவாலானது.

ஆலை கையில் இருப்பவர் திரும்பி வரும் தோரணையே தனி. சாம்சங் 2013-இல் ஒரு வளைந்த ஓஎல்இடி டிவியை விற்றுவிட்டு அந்தப் பக்கமே வராமல் இருந்தது. எதிராளியின் ஓஎல்இடி திரையில் படம் அச்சாகத் தங்கிவிடும் என்று விளம்பரத்தில் கேலியும் செய்தது. பிறகு தன் குழும நிறுவனம் புதுவகை ஓஎல்இடி பேனல் செய்து கொடுத்ததும், கேலி செய்ததையெல்லாம் விழுங்கிவிட்டு 2022-இல் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பானசோனிக் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அதுவும் பேனலுக்கு மட்டுமல்ல. டிவியைப் போட்டதும் முதலில் வருகிற முகப்புத் திரை இருக்கிறதே, அதுதான் இன்றைய டிவியின் வாசல். பானசோனிக்கிடம் சொந்த வாசல் ஒன்று இருந்தது. மொசில்லா உருவாக்கி, பின்னர் கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸை அடிப்படையாக வைத்து, 'மை ஹோம் ஸ்கிரீன்' என்ற பெயரில் பல ஆண்டு ஓட்டியது. எளிமையானது, தொல்லை குறைவு. ஆனால் செயலிகளும் குறைவு. 2024 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இசட்95ஏவை அறிமுகம் செய்தபோது அந்த இடத்தில் அமேசானின் ஃபயர் டிவி உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பியதும் அமேசான் வழியாகத்தான்.

இதை வெறும் மென்பொருள் மாற்றமாகப் பார்த்தால் கதையைத் தவறவிடுவோம். அமெரிக்காவில் டிவியை விற்று வரும் லாபத்தைவிட, விற்றபிறகு அந்தத் திரையில் விளம்பரம் காட்டி வரும் பணம்தான் நிற்கிறது. ரோக்கு நிறுவனம் கருவியை நஷ்டத்துக்கே விற்றுத் தளத்தில் சம்பாதிக்கிறது. வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து விஜியோவை வாங்கியது அதன் டிவிப் பெட்டிகளுக்காக மட்டும் அல்ல. அந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் விளம்பரத் தொழிலுக்காக. அமேசான் முகப்பிலும் பரிந்துரைகளும் விளம்பரங்களும் வரிசை கட்டி நிற்கும். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து, இயக்குநர் நினைத்த நிறத்தில் படம் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வாங்குகிறார். சுவிட்சைப் போட்டதும் அவரை வரவேற்பது அமேசானின் விளம்பரத் தட்டி. வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய மேஸ்திரிக்கு வாசலில் என்ன எழுதலாம் என்று சொல்லும் உரிமை இல்லை.

இந்தியாவில் பழைய பெயர்கள் திரும்புவதை நாம் வேறு வகையில் பார்த்திருக்கிறோம். தாம்சன், கோடாக் என்று எழுதிய டிவிகளை இங்கே தயாரித்து விற்பது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம். பெயர் மட்டும் வாடகை. தோஷிபாவின் டிவி பிரிவில் 95 சதவீதத்தை வாங்க ஹைசென்ஸ் 2017-இல் ஒப்பந்தம் செய்தது. அந்த வரிசையில் பானசோனிக்கைச் சேர்ப்பது நியாயமல்ல. திரும்பி வந்தது பெயர்ப்பலகை மட்டுமல்ல. இருட்டைக் கையாளத் தெரிந்த பொறியாளர்களும் அவர்களின் பிடிவாதமும் கூடவே வந்தன. ஆனால் அந்தக் கைத்திறனுக்கு மட்டும் எவ்வளவு கூலி கிடைக்கும்? மலிவுத் தட்டில் சீனாவின் டிசிஎல்லும் ஹைசென்ஸும் இருக்கும்வரை ஜப்பானியப் பெயர் பிழைக்க வழியில்லை. ஆகவே மேல்தட்டுதான் என்பது சரியான கணக்கு. மேல்தட்டோ குறுகலானது. அங்கும் எல்.ஜி., சாம்சங், சோனி முன்பே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அந்தப் பாயின் ஓரமும் நிரந்தரமல்ல: பானசோனிக் திரும்பிய அதே 2024 செப்டம்பரில், எல்.ஜி. டிஸ்ப்ளே தன் குவாங்சோ எல்சிடி ஆலையை டிசிஎல் குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தது. ஜப்பானியரை விரட்டியவர்களே சீனர்களுக்கு இடம் கொடுத்து நகர்கிறார்கள்.

2025 ஜனவரியில் பானசோனிக் அடுத்த மாடலான இசட்95பியைக் காட்டியது. எல்.ஜி. டிஸ்ப்ளேயின் புதிய, இன்னும் பளிச்சென்ற பேனல். அது சூடேறாமல் இருக்கக் காற்று நுழைந்து மேலே வெளியேறும் பாதையைத் திரைக்குப் பின்னால் அமைத்திருந்தார்கள். சூட்டோடு பழகிய கைகளுக்கே தோன்றக்கூடிய ஏற்பாடு. ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் பானசோனிக் ஹோல்டிங்ஸின் தலைவர் யூகி குசுமி செய்தியாளர்களிடம், தேவைப்பட்டால் டிவி தொழிலை விற்கவும் தயாராக இருப்பதாகவும், இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். மட்சுஷிதா என்ற பெயரில் இயங்கிய காலத்தில், 1952-இல், தன் முதல் டிவியை விற்ற கம்பெனி அது. செப்டம்பரில் கடைக்கு வந்த டிவிகளுக்கு அப்போது ஓராண்டு வாரன்டிகூட முடிந்திருக்கவில்லை.