தாழிக்குப் பெருமை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை

கும்மிடிப்பூண்டி பக்கம் கள ஆய்வுக்குப் போயிருந்தேன். சவுடு மண் அள்ளிய பள்ளத்தின் ஓரத்தில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும், தாழி ஒன்றின் உடைந்த வாயும் துருத்திக்கொண்டிருந்தன. இதைக் காப்பாற்ற வேண்டும் என்று சேரிப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "எங்க சுடுகாட்டுக்கே பாதை இல்ல தம்பி. நீங்க பானைக்கு வேலி போடப் போறீங்களா?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்து அமிர்தமங்கலத்தில் 1950-களிலேயே இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்துக்கு சிப்காட் வந்தது, டிப்பர் லாரி வந்தது, வீட்டுமனை வந்தது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கிறது 2010-இல் திருத்தப்பட்ட சட்டம். பட்டியலில் ஏறாத ஈமக்காட்டுக்கு அந்த வரம்பு கிடையாது. வருவாய்த்துறைக் கணக்கில் அது வெறும் புறம்போக்கு. பல ஊர்களில் சேரியின் சுடுகாடும் புறம்போக்குதான். ஆக்கிரமிப்பவர் கை முதலில் நீள்வது இந்த இரண்டின் மீதும்தான்.

2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த தாழிகளை முன்வைத்து, தமிழ் மண்ணில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று முதல்வர் அறிவித்தார். எல்லோரும் மார்தட்டினோம். நானும்தான். ஆனால் 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே கொண்டுபோக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதுவும் இதே தமிழ் மண்தான். தாழிக்குள் கிடப்பவரின் சாதி யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவரை முன்னோர் என்று கொண்டாட ஆதிக்க சாதிக்கு ஒரு தயக்கமும் இல்லை. சாதி தெரிந்த உடலுக்கோ வரப்பில்கூட வழியில்லை.

தோழர்களே, தொல்லியலை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மண் எடுக்கவும் மனை போடவும் அனுமதி தரும் முன் தொல்லியல் கள ஆய்வைக் கட்டாயமாக்கு. ஈமக்காடுகளை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து வருவாய்ப் பதிவேட்டில் ஏற்று. அதே கணக்கெடுப்பில் சேரிச் சுடுகாட்டையும் அதன் பாதையையும் அளந்து கல் நடு. சாதிக்கொரு சுடுகாட்டை ஒழி. கிராம சபைகளில் இவற்றைச் சேர்த்தே கேட்போம்.

அந்தப் பெரியவருக்கு இதுதான் என் பதில்: தாழிக்கு வேலி வேண்டும் ஐயா. அதற்கு முன்னால் உங்களுக்குப் பாதை வேண்டும்.