ஒளிக்கும் கடிவாளம்

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலான வர்த்தகப் பூசலில் 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட தற்காலிகத் தணிவு உலகச் சந்தைகளுக்கு நிம்மதியளித்தது. ஆயினும், அப்பூசலின்போது வெளியான ஒரு பட்டியல் போதிய கவனத்தைப் பெறவில்லை. ஹொல்மியம், எர்பியம், துலியம், யூரோப்பியம், இட்டர்பியம் ஆகிய ஐந்து அருமண் மூலகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிப்பதாக 2025 ஒக்டோபர் 9ஆம் திகதி சீன வர்த்தக அமைச்சு அறிவித்தது. இவற்றுள் யூரோப்பியம் தவிர்ந்த நான்கும் லேசர் தொழில்நுட்பத்தின் உயிர்நாடிகளாகும்.

லேசர் பளிங்குகளில் இத்தகைய மூலகங்கள் சேர்க்கப்படும் அளவு மிகச் சொற்பமே. 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகி, இன்றுவரை பரவலாகப் பயன்படும் பளிங்கை எடுத்துக்கொள்வோம். யிட்ரியம், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றாலான அப்பளிங்கில் நூறு யிட்ரிய அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே நியோடிமியம் இடம்பெறுகிறது. லேசர் ஒளியைத் தருவது அந்த ஒரு பங்குதான். ஹொல்மியம் கலந்த பளிங்கின் லேசர் சிறுநீரகக் கற்களை உடைக்கிறது. எர்பியத்தின் ஒளியோ, கண்ணாடி இழையில் மிகக் குறைந்த இழப்புடன் பயணிக்கும் அலைநீளத்தில் அமைந்துள்ளது. 1987இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் நிரூபித்துக் காட்டிய எர்பியப் பெருக்கிகளே கடலடி வடங்களில் தளர்ந்துபோகும் சமிக்ஞைகளுக்கு வலுவூட்டுகின்றன. 2024இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள், எர்பியம் ஊட்டப்பட்ட நுண்ணிய ஒளிவழியைக் கொண்டு லேசர் ஒன்றையே சிப்புக்குள் அடக்கிக் காட்டினர்.

கடிவாளத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. எர்பியத்தின் ஒளி அதன் அணுவின் இயல்பிலிருந்து பிறப்பது. அதே பணியை வேறொரு மூலகத்திடம் எளிதில் ஒப்படைக்க முடியாது. ஒரு சிப்புக்குத் தேவைப்படும் அளவு அற்பமேயாயினும், அது கிடைக்காதவிடத்து முழு உற்பத்தியும் முடங்கும்.

பெயரில் 'அரு' இருப்பினும் இவை உண்மையில் அரியவை அல்ல. சீரியம் புவியோட்டில் செப்புக்கு நிகரான அளவில் காணப்படுகிறது. இரசாயன இயல்பில் இரட்டையரைப் போல் ஒத்திருக்கும் இம்மூலகங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தெடுப்பதே கடினம். அத்தகைய சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவின் கையில் உள்ளது. 2010இல் ஜப்பானுடனான தகராற்றின்போதே உலகம் இதை உணர்ந்தது. 2014இல் உலக வர்த்தக அமைப்பு சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்புகள் சுத்திகரிப்பு ஆலைகளை உருவாக்குவதில்லை.

ஒக்டோபர் கட்டுப்பாடுகள் 2026 நவம்பர் 10 வரை இடைநிறுத்தப்படுவதாகச் சீனா பின்னர் அறிவித்தது. எனினும், 2025 ஏப்ரலில் யிட்ரியம் உள்ளிட்ட ஏழு மூலகங்கள் மீது விதிக்கப்பட்ட அனுமதிப்பத்திர முறை அதில் அடங்கவில்லை. இவ்விடயத்தில் சீனாவை மட்டும் குறைகூறுவதும் நியாயமாகாது. உயர்ரகச் சிப்புகளைச் சீனாவுக்கு மறுக்கும் கொள்கையை 2022 ஒக்டோபரில் கடுமையாக்கியது அமெரிக்காவே. இரு யானைகளின் மோதலில் மிதிபடுவது புற்களே என்பதை நாமறிவோம்.

நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலில் அருமண் மூலகங்களைக் கொண்ட மொனசைற்றும் கலந்துள்ளது. அதிலிருப்பவை பெரும்பாலும் சீரியம், நியோடிமியம் போன்ற இலகு வகைகளே. எர்பியம் மிகச் சொற்பம். ஆகவே, புதையல் கிடைத்துவிட்டதாகப் பூரிப்பதில் பொருளில்லை. மேலும், மொனசைற்றில் கதிரியக்கத் தோரியமும் உண்டு. அதைப் பதப்படுத்திய மலேசியாவின் புக்கிட் மேரா ஆலை மக்களின் எதிர்ப்புக்கு மத்தியில் 1990களில் மூடப்பட்டதை மறந்துவிடலாகாது.

மணலைக் கப்பலேற்றுவது எவருக்கும் இயலும். மூலகங்களைப் பிரிக்கும் அறிவையும் கழிவைப் பாதுகாப்பாகக் கையாளும் ஒழுங்கையும் பெற்றவர்களிடமே பேரம்பேசும் பலம் சேர்கிறது. எமது பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அந்த அறிவை வளர்க்காமலும், கரையோர மக்களின் சம்மதத்தைப் பெறாமலும் செய்யப்படும் எந்த ஒப்பந்தமும் அவர்களுக்குக் குழிகளை மட்டுமே மிச்சம்வைக்கும். ஆட்சியாளர்கள் இதனைக் காலம் கடக்கும் முன்னர் உணர வேண்டும்.