எழுத்தைப் படமாக்கும் வழக்கம்: ஒரு மறுப்பு

திருகோணமலையின் உள்துறைமுகத்தை நோக்கி நிற்கும் எமது மேட்டுக்கு இரு பெயர்கள் உள. ஓர்ஸ் ஹில் என்பர் சிலர். உவர்மலை என்பர் பலர். கடிதவுறையில் எதனை எழுதினும் கடிதம் வந்து சேரும். சென்ற ஆண்டு அதற்கு மூன்றாவது பெயரொன்றும் கிடைத்தது. துறைமுகச் சுற்றாடலின் படமொன்றை இணையத்தில் இடும் பொருட்டு நண்பர் ஒருவரும் நானும் நிரலொன்றை எழுதினோம். அது பட்டியலிலிருந்து ஊர்ப்பெயர்களை எடுத்து, சேவையகத்திலேயே படமாக வரைந்து அனுப்பியது. வந்த படத்தில், லகரத்துக்கு முன்னே நிற்கவேண்டிய ஐகாரக் குறி பின்னே போய் ஒட்டியிருந்தது. திருகோணமலையின் 'கோ' அதனினும் பரிதாபம். ககரத்தை இருபுறமும் அணைக்கவேண்டிய குறிகள் அதன் வலப்புறத்தே வெற்றிடத்தை அணைத்துக் கிடந்தன. பார்த்தோர் சிரித்தனர். ஒருவர் மட்டும் சிரியாது, "தமிழ் எழுத்துகளை வேறிடத்தில் வரைந்தெடுத்து ஒட்டிவிடுங்கள், தொல்லை தீர்ந்தது" என்று அறிவுரை கூறினார். அவர் மீது எமக்குப் பகையில்லை. அவரது அறிவுரையுடனேயே இக்கட்டுரை பொருதுகின்றது.

அறிவுரை புதியதன்று. தமிழ்ப் படங்கள், அட்டவணைகள், அறிவித்தல்கள் ஆகியவற்றை இணையத்தில் இடுவோருட் பெரும்பாலோர் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். அது ஏன் பிழையென உணர்வதற்குப் படங்களின் இருவகையை அறிதல் வேண்டும்.

ஒன்று புள்ளிப்படம். நிறமூட்டிய கட்டங்களின் நிரையே அது. அதில் மலையும் கடலும் எழுத்தும் யாவும் நிறக்கட்டங்களே. மற்றையது காவிப்படம். உயர்தரத்தில் கணிதம் பயின்றோர் 'காவி' என்னும் சொல்லை அறிவர். இவ்விடத்தில் வட்டத்தை வரைக, அவ்விடத்திலிருந்து கோட்டை இழுக்க, இந்தப் புள்ளியில் இச்சொல்லை எழுதுக என்னும் கட்டளைகளின் தொகுதியே காவிப்படம். இதற்கென வலையில் வழங்கும் பொது வடிவம் எஸ்.வீ.ஜீ. என்பது. 1998இல் அடோபி சார்ந்தோரும் மைக்ரோசொப்ற் சார்ந்தோரும் தத்தம் முன்மொழிவுகளுடன் போட்டியிட, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பொதுவான ஒன்றை ஆக்கி 2001 செப்ரெம்பரில் பரிந்துரையாக வெளியிட்டது. எஸ்.வீ.ஜீ. கோப்பை ஒரு கடிதத்தைப்போலத் திறந்து வாசிக்கலாம். ஆதலின் அதை ஆக்குவதற்குச் சேவையகத்துக்கு ஓவியத் திறன் வேண்டியதில்லை. எழுதத் தெரிந்தாற் போதும். பீ.எச்.பீ. போன்றதொரு மொழியில் எழுதிய நிரல், தரவைப் பட்டியலிலிருந்து எடுத்து, கட்டளை வரிகளாகக் கோத்து, 'இது எஸ்.வீ.ஜீ. படம்' என்னும் தலைப்புரையுடன் அனுப்பிவிடுகின்றது. வரையும் வேலை வாசகரின் உலாவியைச் சாரும். (தலைப்புரையை மறந்தால் உலாவி கட்டளைகளை வெறும் உரையாகக் காட்டிவிடக்கூடும். எமக்கு ஒரு மாலைப்பொழுது அதில் கழிந்தது.)

தமிழுக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. குறிகளை முன்னும் பின்னும் நிறுத்துவதும், ரகரத்துடன் உகரத்தைச் சேர்த்து 'ரு' ஆக்குவதும் எழுத்தமைப்புப் பொறியின் கடமை. சேவையகத்திலுள்ள படநூலகங்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் அப்பொறி வாய்க்கவில்லை. உலாவிகளுக்கோ வாய்த்திருக்கின்றது, பயர்பொக்ஸ், குரோம் ஆகிய இரண்டும் ஹார்ப்பஸ் என்னும் திறந்தமூலப் பொறியைப் பயன்படுத்துகின்றன. எனவே, சேவையகம் 'உவர்மலை' என்று எழுத்தாகவே எழுதி அனுப்புமாயின், ஐகாரக் குறி தனக்குரிய இடத்துக்குத் தானே வந்துவிடும். நாம் நிரலை அவ்வாறு மாற்றி எழுதியதும் மலைக்குத் தன் பெயர் மீண்டது.

ஆனால், எழுதத் தெரிந்த சேவையகத்துக்கு எண்ணத் தெரியாது. 'உவர்மலை' என்பதில் எழுத்து எத்தனை? நிகண்டு கற்ற சிறுவனும் ஐந்து என்பான்: உ, வ, ர், ம, லை. பீ.எச்.பீ. மொழியின் வழமையான நீள அளவுகோல் 21 என்கின்றது. அது பைட்டுகளை எண்ணுகின்றது, யூனிகோட்டின் யூ.ரீ.எப்.8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. பல்பைட்டு அளவுகோல் 7 என்னும். அதற்குப் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனிப் பொருள்கள். எழுத்துக் கூட்டங்களை எண்ணும் கிராபீம் அளவுகோல் ஒன்றே 5 என்று விடையிறுக்கும். அதனைத் தேடிப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். பெயர் நீண்டுவிட்டதெனக் கருதி ஒன்பதாம் பைட்டில் வெட்டினால் 'உவர' எஞ்சும். புள்ளியிழந்த மெய் உயிர்மெய்யாகிவிடும். பத்தாம் பைட்டில் வெட்டினாலோ புள்ளியின் மூன்றிலொரு பங்கு எஞ்சும். எஸ்.வீ.ஜீ. எக்ஸ்.எம்.எல். இலக்கணத்துக்கு உட்பட்டது; அவ்விலக்கணமோ கண்டிப்பான சட்டாம்பிள்ளை. அந்த அரைகுறைப் பைட்டின் பொருட்டு, தனிக்கோப்பாகத் திறக்கும் படம் பிழையறிவித்தலுடன் நின்றுவிடும். இத்தகைய தோல்வியைக் கண்டவுடன் நிரலர் சொல்வது யாது? 'தமிழ் கணினிக்கு ஒத்துவராது. எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிவிடுவோம்.' தன் அளவுகோலின் குற்றத்தை மொழியின் தலையிற் சுமத்தும் இக்கூற்றையே நாம் கண்டிக்கின்றோம்.

வரைகோடாக மாற்றுவதென்றால் என்ன? 'மலை' என்னும் சொல் கோப்பிலிருந்து அகன்றுவிடுகின்றது. அதன் வெளிக்கோட்டு வளைவுகள் மாத்திரம் எஞ்சுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது வெறும் வளைவு. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே எதுவுமே இல்லை. ஈஸ்பீக் போன்ற பேச்சுப்பொறிகள் தமிழை ஒலிக்க வல்லன எனினும், ஒலிப்பதற்கு எழுத்து வேண்டுமன்றோ?

இவ்வழியில் நாம் ஒருமுறை இடறியிருக்கின்றோம். பாமினி எழுத்துரு எம்மவரிடையே கோலோச்சிய காலத்தில், திரையில் தெரிந்தது தமிழ், கோப்பில் இருந்தது ஆங்கில எழுத்துகளின் குழப்பம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கவிதையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரேவகை உளறலாயின. அக்காலத்துக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் பணி இன்றும் முடிந்தபாடில்லை. ஆயினும் பாமினிக்கு ஒரு மாற்று அட்டவணை உண்டு. எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் வடிவம் என்பது அறியப்பட்டதே. வரைகோட்டுக்கு அத்தகைய அட்டவணை ஏது? வடிவத்தை ஊகித்தே எழுத்தை மீட்க வேண்டும். பாமினியைப் பழிப்போர் அதனினும் கொடிய முடிச்சைத் தம் கையாலேயே இடுகின்றனர்.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்றை மதித்து விடைகூறல் தகும். வாசகரிடம் தமிழ் எழுத்துரு இல்லாவிடின் என்செய்வது என்பது அது. வின்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்ததற்கு முன்னர் இவ்வினாவுக்குப் பெரும் வலு இருந்தது. இன்று படத்தை வலைப்பக்கத்தின் உள்ளேயே எழுதிவிட்டால், பக்கம் தருவிக்கும் எழுத்துருவே படத்துக்கும் பொருந்தும். வெளிக்கோப்பாக, சாதாரணப் படம்போல் இணைத்தால் அது பொருந்தாது. எழுத்தைத் தெரிவுசெய்யவும் இயலாது. திரைவாசிப்பானும் உள்ளே நுழையாது. எழுத்தை எழுத்தாக வைத்திருந்தும் அதை ஊமையாக்கும் வழி இது. எம்முடன் உடன்படுவோரும் இதிற் சறுக்குவதுண்டு. 'எழுத்தாக இருந்தால் எவரும் திருத்திவிடலாம்' என்னும் மற்றொரு வாதத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. புள்ளிப்படத்தையும் எவரும் திருத்தலாம். ஆவணத்தின் மெய்ம்மையைக் காக்க மின்கையொப்பம் இருக்கின்றது.

1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயின், ஒரே படத்தைச் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக மும்முறை வரையும் முறை நீடிக்கும்வரை, ஒன்று திருத்தப்பட மற்றவை பழையனவாகவே கிடக்கும். எது பழையதாகக் கிடக்கும் என்பதை வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.வீ.ஜீ. வடிவமோ ஒரே கோப்பில் பல மொழிப் பெயர்களை வைத்து, வாசகரின் மொழிக்கு ஏற்றதைக் காட்டும் வசதியை உடையது. விக்கிமீடியாப் பொதுவகத்தில் இவ்வகைப் பன்மொழிப் படங்கள் வழக்கிலுள்ளன. நிரலால் ஆக்கும்போது இது இன்னும் எளிது: உலாவி தன் வேண்டுகோளுடன் பயனர் விரும்பும் மொழியையும் சொல்லியனுப்புகின்றது, பட்டியலில் மூன்று நிரல்கள் இருந்தால், சேவையகம் உரியதை எடுத்து எழுதும். கடலோரக் கோட்டைத் திருத்தினால் மும்மொழியிலும் ஒருங்கே திருந்தும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர், கடலோர அபாயப் படமொன்றில் ஊர்ப்பெயர் வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டுமென இக்கரையில் வாழ்வோருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அப்படத்தில் தன் ஊரைத் தேடுபவர் அதைத் தன் மொழியில் தட்டச்சிட்டே தேடுவார்.

எமது படம் குறைதீர்ந்ததென்று சொல்லமாட்டோம். உலாவி வரையும்வரை ஒரு சொல் எவ்வளவு அகலம் கொள்ளும் என்பது சேவையகத்துக்குத் தெரியாது; ஐந்தெழுத்து என்று அறிந்தாலும் ரகரத்தின் அகலமும் 'லை'யின் அகலமும் ஒன்றல்லவே. உலாவிகள் எஸ்.வீ.ஜீ. எழுத்தைத் தாமாக மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வதுமில்லை. உவர்மலையைக் கரைக்குள் அடக்கிவிட்டோம். திருகோணமலை என்னும் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மாத்திரம் இன்னும் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அடுத்த விடுமுறையில் அவற்றைக் கரையேற்றலாம் என்று இருக்கின்றோம்.