மாத்திரை மயக்குதா? நீங்களே நிறுத்திவிடாதீர்கள்!

பெரம்பலூர் வழியே திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. அரியலூர் பக்கமோ சுண்ணாம்புக்கல் லாரிகள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கிறவர்களுக்கும் எங்கள் பக்கம் குறைவில்லை. விழுந்தால் கன்னத்து எலும்போ தாடையோ அடி வாங்கும். தையலை ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். எலும்பும் ஒன்றிரண்டு மாதத்தில் கூடிவிடும். முகத்துக்கு உணர்ச்சி தருகிற முக்கிளை நரம்பு நசுங்கியிருந்தால் மட்டும், காயம் ஆறின பிறகுதான் அதன் கோளாறே தொடங்கும். பல் துலக்கினால் கரண்ட் பாய்ந்த மாதிரி சுரீர். காற்றுப் பட்டாலே எரிச்சல். அதே கன்னத்தில் மரமரப்பு.

இதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது. அதனால்தான் வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள மருந்துகளை எழுதுகிறார்கள்: கார்பமாசெபின், காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். 'இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, உங்களுக்கு எதுக்கு?' என்று பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் போதும், பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மற்றவர்களை நிறுத்த வைப்பது தலைசுற்றலும் தூக்கமும். நேராக என்னிடம் வருவார்கள். "இங்கிலீஷ் மருந்தே வேண்டாங்க, நம்ம மருந்து குடுங்க."

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். என் மருத்துவத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. இருந்தும் சொல்கிறேன், அந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தூக்கம் கெடும், வியர்க்கும், வலி திரும்பும். சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், "சார், தள்ளாடுது" என்று சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், நேரத்தை மாற்றுவார், இல்லாவிட்டால் வேறு மருந்து தருவார். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் இறங்காமை எல்லாவற்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தலை தெளியும்வரை வண்டியைத் தொடாதீர்கள். மதுவும் கூடாது.

காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. கார்பமாசெபின் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால், 'அம்மை போட்டிருக்கு' என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு மாத்திரையையும் தொடர்ந்து கொடுப்பார்கள். அது தோல் உரிந்து உயிரையே வாங்கும் ஒவ்வாமையாக இருக்கலாம். ஆசிய வம்சத்தினரில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று 2007-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் குறை. 'மூலிகைதானே, என்ன செய்யும்?' என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றும் செய்யாது என்றால் அது எப்படி மருந்தாகும்? மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற சத்து, கார்பமாசெபினின் அளவை ரத்தத்தில் கூட்டுகிறது என்று சண்டிகரில் வலிப்பு நோயாளிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. வழக்கமான ரசத்தைச் சொல்லவில்லை. நாள் தவறாமல் தேனில் குழைத்துச் சாப்பிடும் திரிகடுகு சூரணத்தைச் சொல்கிறேன். மயக்கம் மாத்திரையால் வந்ததா, சூரணம் அதைத் தூக்கிவிட்டதா என்று பிறகு யார் கண்டுபிடிப்பது?

உப்பில்லாப் பத்தியமும் அப்படித்தான். கார்பமாசெபின் சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். அதன் மேல் உப்பையும் நிறுத்தினால்? தாத்தா சோர்ந்து, பேச்சுக் குழறி, பேரனை அடையாளம் தெரியாமல் விழிப்பார். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் சங்கதி இது. என்னைப் போன்ற வைத்தியரிடம் வரும்போது ஆங்கில மருந்துச் சீட்டை மறைக்காதீர்கள். அங்கே போகும்போது எங்கள் சூரணத்தையும் மறைக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. மரத்த கன்னத்துக்குச் சூடு தெரியாது. நொச்சி இலை ஒற்றடம், தவிட்டு ஒற்றடம் என்று ஆசையாகக் கொடுத்துக் கொப்புளம் ஆக்கிவிடாதீர்கள். கொடுப்பவர் முதலில் தன் முழங்கையில் வைத்துப் பார்க்கட்டும். காபியையும் மரக்காத பக்கத்து உதட்டில் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.