சாறி உடுத்த ஜாஸ் பாடகி



வெள்ளவத்தையில் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர், மெசின் ஓடும்போது மட்டும் மெல்லப் பாடுவார். சத்தம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். கேட்டபோது, "2009க்குப் பிறகு ஆட்களுக்கு முன்னால வாய் திறக்க மனம் வருகுதில்லை, பிள்ளை" என்றார். அவருக்கு யொலாண்டே பவானின் கதையைச் சொன்னேன்.

பவான் நம் கொழும்பில் பிறந்தவர். ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அங்கே லம்பேர்ட், ஹென்றிக்ஸ், ரோஸ் என்று மூவர் குழு ஒன்று இருந்தது. சாக்சபோன், ட்ரம்பெட் வாசிப்புகளுக்குச் சொற்களைப் பொருத்தி, வாத்தியத்தின் வேகத்திலேயே பாடுவார்கள். நினைத்தாலே மூச்சு வாங்கும்! 1962இல் பிரித்தானியப் பாடகி அனி ரோஸ் விலக, அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர் பவான். புகழ்பெற்ற ஒருவரின் இடத்தில் போய் நிற்பது இலேசா? சாறி உடுத்தே மேடை ஏறினார். 1963இல் நியூபோர்ட் விழாவில் பாடியது இசைத்தட்டாகவும் வந்தது. 1964இல் குழு கலைந்தது. பவான் நாடகங்களிலும் நடித்தார்.

எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. வெதர் ரிப்போர்ட் குழுவின் 1972ஆம் ஆண்டு இசைத்தட்டில், 'பெயர் தெரியாத சிப்பாய்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசை உண்டு. அதை ஆக்கிய ஜோ சவினுல், இரண்டாம் உலகப் போரை வியன்னாவில் சிறுவனாகக் கண்டவர். அதில் குரல் கொடுத்தவர்களில் பவானும் ஒருவர். பாட்டில் சொல்லே கிடையாது, குரல் மட்டுந்தான்.

"சொல் இல்லாமலா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அடுத்த கிழமை, மெசினை நிறுத்தி ஊசியில் நூல் கோர்க்கும்போதும் அவரிடமிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்டது. நான் தலையை நிமிர்த்தவில்லை.