கடாரம் வென்றவன் எங்க பாட்டன் இல்லை

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்றேன். சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு, டன்லப் தெரு. மல்லிகைப்பூ, நகைக்கடை, புரோட்டாக்கடை. புல்தரையெல்லாம் நம்ம பையன்கள், ஊருக்குப் போன் பேசிக்கொண்டு. சித்தப்பா மகன் அங்கே கட்டிட வேலை. "அண்ணே, ஆறு நாளு நாங்க வெறும் நம்பருங்க. இன்னிக்கு மட்டும்தான் பேரு சொல்லிக் கூப்புட ஆளிருக்கு" என்றான்.

நம்மூர்த் தமிழ்ப் பெருமைக்காரர்கள் 'லிட்டில் இந்தியா'வுக்குப் போய்வந்து எழுதுகிற பயணக் கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள், தோழர்களே. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதில் ஆரம்பித்து, செட்டியார் கிட்டங்கியில் நுழைந்து, கோயில் கோபுரத்தில் முடிப்பார்கள். தமிழன் போன இடமெல்லாம் கோயில் கட்டினானாம். சரி, சுண்ணாம்பு சுட்டது யார்? அங்கேயுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அந்தக் காலத்துப் பேரே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில். சூளையில் வெந்தவன் கும்பிட்ட சாமி அது. 1825 முதல் இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து ரோடு போட வைத்தான் வெள்ளைக்காரன். இதெல்லாம் பெருமைக் கணக்கில் வராது.

எங்க பாட்டன்மார் சோழன் கப்பலில் போகவில்லை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' மாதிரிக் கப்பல்களின் மேல்தட்டில் அடைபட்டுப் போனார்கள். கங்காணி தலைக்காசுக்காகச் சேரி சேரியாக ஆள் பிடித்தான். சிலரை மலேயா ரப்பர் காட்டுக்கு, சிலரை இலங்கைக்கு, சிலரை ஆனைமலைக்கு. முன்பணம் என்கிற ஒரே கயிறுதான் எல்லாருக்கும். டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' நாவலில் எழுதிய கங்காணி வால்பாறைக்காரன் மட்டுமா? எங்க தாத்தா மலையேறினார், அவர் அண்ணன் கப்பலேறினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஒரு புளுகு உண்டு. போயிருந்தால் 1929 கடைசியில் பெரியார் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் எதுக்குத் தொண்டை கிழியப் பேசணும்? 1932இல் அங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் எதுக்கு? சாதியும் டிக்கெட் எடுத்துக் கூடவே போயிருக்கிறது.

நம்ம வால்பாறை மட்டும் யோக்கியமா? மலையேறும்போது கார்வர் மார்ஷ் கை நீட்டியபடி சிலையாக நிற்கிறான். அட்டைக்கும் மலேரியாவுக்கும் செத்தவனுக்கு அந்த உசரத்தில் சிலை எங்கே? துரை பங்களாக்களில் இன்று டூரிஸ்ட் தங்குகிறான். லைன் வீட்டுக்காரன் ரிடையர் ஆனால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மலையிறங்க வேண்டும். மூணு தலைமுறை கொழுந்து பறித்தும் காலடி மண் சொந்தமில்லை.

2013 டிசம்பர் 8. இதே தேக்கா, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தார். கூட்டம் கொந்தளித்தது. போலீஸ் வண்டி எரிந்தது, ஆம்புலன்ஸ் எரிந்தது. 25 பேர்மேல் வழக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தல். இங்கே டீக்கடையில் ஒரு பெரியவர், நல்ல தமிழ்ப்பற்றாளர், "அங்க போயும் நம்ம மானத்த வாங்கிட்டானுகளே" என்றார். யார் மானம் ஐயா? செத்தவன் பிணத்தைப் பார்த்தபோது போகாத மானம், வண்டி எரிந்தபோது போய்விட்டதா?

ராத்திரி டார்மிட்டரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நீள வரிசை. தம்பி ஏறும்போது சொன்னான்: "ஏஜெண்டு கடன் இன்னும் பாதி இருக்குதுண்ணே, வீட்ல சொல்லிராதீங்க."